மூன்றாவது சிலிண்டரும் பரீதா கை கழுவிய பத்து நிமிடமும்

ஷா ஆலத்தில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு வகுப்பு நடத்துகிற பரீதா போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

"பாலா அண்ணே, ஒரு நாள் வந்து கிளாஸ்ல பேசுங்கண்ணே. முப்பது வருஷத்துக்கு மேல ஸ்பேனர் புடிச்சவரு நீங்க."

"நான் என்னத்தப் பேச?"

"உங்களுக்கு என்னா தோணுதோ அதப் பேசுங்க லா."

மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டட்டும் என்று சொல்லி வைத்தேன். உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த வகுப்புக்குச் சொல்லத் தகுந்த கதை ஒன்று பரீதாவிடமே இருக்கிறது. என்னைப் பற்றிய கதை. பத்து வருடமாக அவர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் நைசாக விசாரித்துப் பார்த்துவிட்டேன். சரி, அவர் சொல்ல மாட்டார், நானே சொல்லிவிடுகிறேன்.

தொழில் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் கிள்ளானில் ஒரு சீனர் கடையில் சேர்ந்தேன். ஒரு வருடம் சங்கிலி கழுவினேன், ஒரு வருடம் டயர் கழற்றினேன், அதற்குப் பிறகுதான் எஞ்சின் பக்கம் விட்டார்கள். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழர் நடத்திய கடைக்கு வந்தேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேதான். கார்புரேட்டர் என்றால் பாலா என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறியிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேறு கடையில் கழுவிய கார்புரேட்டரைத் திறந்தால், "இது என்னா, மீன் கறி சட்டியா?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்கிற ஆள் நான்.

பெரிய சிசி வண்டிகள் கடைக்கு நிறைய வரத் தொடங்கியதும் முதலாளி ஒரு தலைமை மெக்கானிக்கைத் தேடினார். அது நான்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை பரீதாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பத்து நாலு வயது. கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகள். ஷா ஆலத்தில் மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடம் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிற வேலை பார்த்தவர். தலையை மூடிய தூடோங் துணியைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது. வயிறு எரிந்தது. "மேடம், என்ன வேல செய்யணும்னு சொல்லுங்க" என்று நக்கலாகக் கேட்டேன். "அண்ணே, மேடம் எல்லாம் வேணாம், பரீதான்னே கூப்பிடுங்க. எனக்குக் கார்புரேட்டர்ல டவுட்டு வந்தா உங்ககிட்டதான் வருவேன்" என்றார். நக்கல் புரியாத மாதிரியே பதில் சொன்னதில் எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் வேலை செய்கிற விதம் எங்களுக்குப் புதிது. வண்டி வந்தால் உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டார். கை பின்னால்தான் இருக்கும். வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அதற்குப் பிறகு யார் யார் தொட்டார்கள்? என்னென்ன தொட்டார்கள்? பதில்களை வேலை அட்டையில் எழுதுவார். "போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு" என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் வந்த இரண்டாவது வாரத்தில் ஒருவர், எஞ்சின் ஓடும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது என்று தன் மோட்டாரைக் கொண்டுவந்தார். நான் வால்வு மூடியைக் கழற்றி, அளந்து, சரி செய்து, மூடிவிட்டேன். சத்தம் போகவில்லை. பரீதா வந்து அந்த மூன்று கேள்வியைக் கேட்டார். பிறகு சாவித் துவாரத்தில் தொங்கிய சாவிக் கொத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அண்ணே" என்றார். சத்தம் இல்லை. அந்த மனிதர் புதிதாக வாங்கிய பித்தளைப் பிள்ளையார் சாவி வளையம் ஹேண்டில் மூடியில் மோதிக்கொண்டிருந்தது. கடை முழுக்கச் சிரித்தது. பரீதா சிரிக்கவில்லை. "வால்வும் இப்ப கரெக்டா இருக்கு, பாலா அண்ணே செக் பண்ணிட்டாரு" என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரவாங்கில் இருந்து செல்வராஜு அங்கிள் ஒரு வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி எண்பதுகளில் வந்த நாலு சிலிண்டர், எழுநூற்றைம்பது சிசி. எட்டு வருடம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. நாலு சிலிண்டருக்கு நாலு கார்புரேட்டர், எல்லாம் பழைய பெட்ரோல் காய்ந்து கோந்தாகக் கிடந்தது. கார்புரேட்டர் எனக்கு. பிளக் வயர், கேப் எல்லாம் வெடித்துப் போயிருந்ததால் அவற்றை மாற்றுகிற வேலை முருகையாவுக்கு.

முருகையா எங்கள் கடையில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். சாலாக் செலாத்தானில் இருந்து தினமும் ஏழரைக்கே வந்துவிடுவார். அமைதியான மனிதர், கை சுத்தம். ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஒரு வண்டியில் வயரை மாற்றிக் கொடுத்துப் பேட்டரியைப் புகைய விட்டுவிட்டார். முதலாளி எல்லார் முன்னாலும், "இன்னொரு தடவ இப்படி ஆச்சு, பையத் தூக்கிட்டுப் போயிடு" என்று சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். மூத்த பெண் அந்த வருடம் ஐந்தாம் படிவம், பள்ளிக் கடைசிப் பரீட்சை.

புதன்கிழமை நாலு கார்புரேட்டரையும் பிரித்தேன். பெட்ரோல் வருகிற பித்தளை ஜெட்டுகளை ஊற வைத்தேன், ஒவ்வொரு ஓட்டையிலும் அழுக்குக் கரைக்கிற மருந்து அடித்தேன், காற்று அடித்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் கழுவியதில்லை. மாலையில் நாலையும் சேர்த்துப் பூட்டித் தட்டில் வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என் பொறுப்பு. முதலாளி பணம் கொடுப்பார், பொங்கல் சுண்டல் வரும், தேங்காய் உடைப்பார்; மற்றதெல்லாம் நான். ஸ்பேனர், சுத்தியல், கம்ப்ரெசர், வைஸ் ஒன்று விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பேன். அன்றைக்குச் சந்தனத்தைப் பன்னீரில் கொஞ்சம் தண்ணியாகவே கரைத்துவிட்டேன். தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்த நாலு கார்புரேட்டரும் கண்ணில் பட்டன. அவற்றை விட மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் வாயிலும் மேல் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தேன். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரைக்கும் எதையும் தொடுவதில்லை, அது எங்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு வண்டியில் பூட்டினேன். பூட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை காற்றடிப்பது முறை. யாருக்கும் நான் அதை விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் விட்டேன். கழுவியாயிற்று, பூஜையும் ஆயிற்று, சாமி கும்பிட்டு வைத்த பொருள்மேல் காற்றை அடித்து எதை ஊதித் தள்ளுவது என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. ஆனால் மூன்று சிலிண்டர்தான். மூன்றாவது செத்துக் கிடந்தது. பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் குளித்துக் கறுப்பாக இருந்தது. எஞ்சினில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் நெருப்பு அரை உயிராகத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

"பெட்ரோல் வருது, நெருப்புதான் வரல" என்றேன். முதலாளி பக்கத்தில் நின்றார். முருகையா, "இல்லண்ணே, நான் மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்றார். "அப்போ நான் கழுவினது சரியில்லன்னு சொல்றியா?" என்று கத்தினேன். அவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

புதுப் பிளக் போட்டேன். நாலும் ஒரு நிமிடம் அருமையாக ஓடின, பிறகு மூன்றாவது மறுபடியும் படுத்துவிட்டது. "பாருங்க பாஸ், புது பிளக்கயும் சாகடிக்குது, வயர்தான்" என்றேன். சனிக்கிழமையும் இதே கதை. முதலாளி முருகையாவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழம பரீதா லீவு முடிஞ்சு வரட்டும். அவங்களும் வயர்னு சொன்னா, கணக்க முடிச்சுக்க" என்று சொல்லிவிட்டார். பரீதா தங்கை கல்யாணத்துக்காக வியாழனில் இருந்து விடுப்பில் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திங்கள் காலை முருகையா தன் மேசையில் இருந்த டெஸ்டர், குறடு, வயர் சுருள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பரீதா கையில் மருதாணியோடு வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியிடம் போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே."

கிளப்பினேன். கொஞ்சம் தண்ணீரைத் தொட்டு நாலு புகைக்குழாயிலும் எஞ்சினுக்குப் பக்கத்தில் தெளித்தார். மற்ற மூன்றிலும் 'சுர்' என்று காய்ந்தது. மூன்றாவது சூடேறவே இல்லை, துளி அப்படியே நின்றது.

"கொஞ்சம் முறுக்குங்க."

முறுக்கினேன். மூன்றாவதும் திக்கித் திக்கி உயிர் பிடித்தது. விட்டதும் போய்விட்டது.

"ஸ்லோவுலதான் சாகுதா?"

"ஆமா. அதனால என்னா? நெருப்பு வீக்கா இருக்கு."

அவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இரண்டாவது பிளக் வயரைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதைக் கழற்றி இரண்டாவதிலும் மாட்டினார். அந்த வண்டியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நெருப்பு கொடுக்கிற 'காயில்' ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் நெருப்பு வரும். மாற்றி மாட்டினால் ஒன்றும் ஆகாது. முருகையாவின் வயர் கெட்டிருந்தால் இப்போது இரண்டாவது சிலிண்டர் சாக வேண்டும். பிளக்கையும் துடைத்துப் போட்டுக் கிளப்பச் சொன்னார். ஒரு நிமிடம் நாலும் ஓடின. பிறகு செத்தது மூன்றாவதுதான்.

இது எனக்குத் தெரியாத வித்தையா? கடையில் இதை நூறு தடவை செய்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் செய்யவில்லை. கார்புரேட்டர் நான் கழுவியது, அதனால் தப்பு வேறு யாருடையதோ. அந்த இடத்திலேயே என் மூளை நின்றுவிட்டது.

"வயர் நல்லா இருக்கு" என்று பரீதா மெதுவாகச் சொன்னார். முருகையா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம் அளந்தார். நாலிலும் சமம். ஒவ்வொரு கார்புரேட்டரின் அடிக் குழாயிலும் கண்ணாடிக் குழாய் மாட்டிப் பெட்ரோல் மட்டம் பார்த்தார். சமம். மூன்றாவது பிளக்கை வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினார். மை மாதிரி ஒட்டியது.

"பெட்ரோல் அதிகமா வரலண்ணே, மட்டம் கரெக்டு. அப்ப காத்து கொறயுது. கழட்டலாமா?"

என்னிடம் அனுமதி கேட்டார் பாருங்கள். தலைமை மெக்கானிக் அவர், உத்தரவு போடலாம். "கழட்டுங்க" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

நாலையும் ஒருசேர வெளியே எடுத்தோம். கார்புரேட்டரின் வாய்க்குள், விளிம்பை ஒட்டி, ஊசி முனை அளவுக்கு ஒரு காற்று ஓட்டை இருக்கும். வண்டி மெதுவாக நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகப் போகிற காற்றுதான் பெட்ரோலோடு கலக்கும். அது அடைத்தால் வெறும் பெட்ரோல்தான் போகும், பிளக் குளித்துவிடும். பரீதா தூண்டில் நைலான் நரம்பை ஒரு துண்டு வெட்டி எடுத்தார். கம்பியை அவர் அந்த ஓட்டைகளில் விட மாட்டார், பித்தளை கீறிப் பெரிதாகிவிடும் என்பார். முதலாவதில் நரம்பு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் போனது. நாலாவதில் போனது. மூன்றாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். நரம்பு நுனியிலேயே முட்டி வளைந்தது.

நான் குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தேன்.

மருந்தைச் சொட்ட விட்டு, ஊற வைத்து, பொறுமையாகத் திருகினார். மூன்று நான்கு முறை. பிறகு வெள்ளைத் துணியில் தட்டினார். கடுகில் பாதி அளவுக்கு ஒரு மஞ்சள் துணுக்கு விழுந்தது. அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். எங்களுக்கு எதிரே, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருந்தது. அதன் நெற்றியில் நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து, குங்குமத்தோடு அப்படியே இருந்தது. பரீதா அந்தப் பொட்டைப் பார்த்தார். கீழே துணியைப் பார்த்தார். பிறகு துணியை என் கையில் கொடுத்தார்.

முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. தண்ணியாகக் கரைத்த சந்தனம், மேல் விளிம்பில் இருந்து வழிந்து, ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது. வெளியே இருந்ததை நான் துடைத்தேன், உள்ளே இருந்ததைக் காற்றடித்து எடுக்கவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

மணி பத்து ஐம்பது. முருகையா தூரத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு வார்த்தை போதும், கடையே கூடியிருக்கும். ஒரு வருடமாக நான் செய்த நக்கலுக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம். பூஜையைப் பற்றி ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க முடியாது.

பரீதா வேலை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். 'காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"பாஸ் வந்திடுவாரு. நான் போய்க் கை கழுவிட்டு வரேன் அண்ணே" என்றார்.

பின்பக்கக் குழாய் எங்கள் மேசையில் இருந்து இருபது அடி. பரீதா அங்கே பத்து நிமிடம் கை கழுவினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வேலை வாழ்க்கையில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். திட்டினவர்கள் உண்டு, தட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. தப்பு செய்தவனை நம்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

முதலாளி வந்து முருகையாவின் பைக்குப் பக்கத்தில் நின்றார். "என்னா, வயர்தானே?" என்றார்.

"இல்ல பாஸ். நான்தான்" என்றேன். துணியைக் காட்டினேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தண்ணியாகக் கரைத்ததை, காற்றடிக்காமல் விட்டதை, வயரை மாற்றிப் பார்க்காமலேயே முருகையா தலையில் கட்டியதை, எல்லாம் சொன்னேன். முதலாளி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்தாள் மூணு நாளா சோறு தின்னிருப்பானா பாலா?" என்று கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அட்டையில் 'காரணம்: காற்று ஓட்டையில் சந்தனம். கழுவியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரீதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நாலு கார்புரேட்டரையும் பூட்டினோம், காற்றடித்த பிறகு. நாலு குழாயிலும் தண்ணீர் காய்ந்தது. சாயங்காலம் செல்வராஜு அங்கிள் வந்து அதை ரவாங் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் முருகையாவின் மேசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"பாலா அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பரீதா வராம இருந்து, அந்தச் சந்தனத்த நீங்க மட்டும் தனியா பார்த்திருந்தீங்கன்னா, பாஸ்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. காலடியில் இருந்த அந்தப் பையைப் பார்த்தேன்.

"தெரியல முருகையா. சத்தியமா தெரியல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருப்பேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிச்சிருக்க மாட்டேன் லா" என்றார். பிறகு குனிந்து பையைத் திறந்தார். டெஸ்டரை எடுத்து மேசையில் அது இருந்த இடத்திலேயே வைத்தார். குறட்டை எடுத்து வைத்தார். வயர் சுருள் அடியில் சிக்கிக்கொண்டது. நான் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.